கடைசிக் குழாயில் வந்த முதல் தண்ணீர்

எங்கள் தெருக் குழாயடியில் என்னோடு நின்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேர் இப்போது பெங்களூரிலும் சென்னையிலும் பிள்ளைகள் வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். முழங்கால் எல்லாருக்கும் போயிருக்கும். எனக்கு இரண்டும் போய்விட்டது. "சின்ன வயசுல பாரம் தூக்கினீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு முறைக்குப் பன்னிரண்டு குடம். அதில் நியாயமாக எனக்கு வந்தது எத்தனை, நான் தட்டிப் பறித்தது எத்தனை என்பதைத்தான் சொல்லப்போகிறேன். திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம், பங்குனி மாதம். ஊரைச் சுற்றித் தோல் பதனிடும் டேனரிகள். நம் தெருவில் நாலு வீட்டில் கிணறு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நாலும் அதற்குள் கெட்டுப்போயிருந்தன. தண்ணீரின் மேலே எண்ணெய்ப் படலம் மினுமினுக்கும். அதில் பருப்பு வேகாது. சோறு மஞ்சளாக வரும். வெள்ளைச் சட்டையை அதில் நாலு மாதம் துவைத்தால் டீ நிறத்துக்கு வந்துவிடும். பிரேயரில் வரிசையாக நிற்கும்போது சட்டையைப் பார்த்தே யார் வீட்டில் கிணற்றுத் தண்ணீரில் துவைக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். என் சட்டை அந்த ரகம்.

குடிக்கவும் சமைக்கவும் டவுன் பஞ்சாயத்து விடும் குழாய்த் தண்ணீர் ஒன்றுதான் கதி. பாலாற்று மணலில் தோண்டிய கிணற்றிலிருந்து அது வரும். டேங்கில் ஏறி, தெருத்தெருவாக முறை வைத்து இறங்கும். நம் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணி நேரம். தெருவில் இரண்டு குழாய்கள். தெரு முனையில் மாவு மில்லுக்கு எதிரில் இருந்தது மில் குழாய். தெரு முடிகிற மேட்டில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது கடைசிக் குழாய். பைப் ஒன்றுதான். மில் குழாய்க்காரர்கள் பிடித்தது போக மிச்சம்தான் மேடு ஏறி எங்களுக்கு வரும். அங்கே குடம் நிரம்ப ஒரு நிமிடம் என்றால் எங்களுக்கு மூன்று நிமிடம் ஆகும்.

தண்ணீர் விடுகிறவரை நாம் தண்ணிக்காரர் என்போம். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தோள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி வைத்திருப்பார், மேலே குறுக்குக் கம்பி போட்டது. மில்லுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கற்பலகை, அதில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் சாவியை விட்டு, கீழே இருக்கிற வால்வைக் கைப்பழக்கத்தில் திருகுவார். உள்ளே இரண்டு வால்வுகள், ஒரு சாண் இடைவெளியில். ஒன்று ஆற்றுத் தண்ணீருக்கு. இன்னொன்று டேனரிப் பக்கம் இருந்த பழைய ஊர்க் கிணற்றுக்கு. அந்தக் கிணறு கெட்டுப்போய், அதைத் திறக்கவே கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்கள். ஆனால் பைப்பைத் துண்டிக்கவில்லை. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள்.

அதனால்தான் அந்த வழக்கம் வந்தது. வால்வைத் திறந்ததும் அவர் மில் குழாய்க்கு வந்து, எல்லாப் பெண்களும் பார்க்க ஒரு கை தண்ணீர் ஏந்திக் குடிக்க வேண்டும். அவர் குடித்து முழுங்கின பிறகுதான் முதல் குடம் நகரும். அவர் அதைச் சிரித்துக்கொண்டே செய்வார். "நல்லா இருக்கும்மா, புடிங்க" என்பார். ஏழு வருடமாகத் தினக்கூலியில் இருந்தார். அந்த மாதம் பர்மனென்ட் ஆர்டர் வரப்போகிறது என்று ஊருக்கே தெரியும். வேலூர் லாங் பஜாருக்குப் போய் முன்கூட்டியே ஒரு காக்கிச் சட்டை வாங்கி வைத்திருந்தார். அவர் மனைவி அதை யார் கேட்டாலும் எடுத்துக் காட்டும்.

திறந்தவுடன் சாவியால் பைப்பின் மேல் மூன்று தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம் பைப்புக்குள்ளேயே ஓடி வரும். கடைசிக் குழாயில் காதை வைத்துக் கேட்பது என் வேலை. கேட்டதும் முதல் குடத்தை வைத்துவிட்டு, "தண்ணி வந்துடுச்சி!" என்று கத்துவேன். அதுவரை பெண்கள் குடங்களை மட்டும் வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் வேலையாக இருப்பார்கள். காது வைத்ததற்குக் கூலியாக முதல் குடம் எனக்கு. அதனால் எங்கள் குழாயில் முதலில் வருகிற தண்ணீரைப் பார்க்கிற ஆள் நான் ஒருத்திதான். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் பெருமையைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் பிரேயர் முடிந்ததும் நியூஸ் வாசிக்கிற பெண் நான்தான். பேப்பரிலிருந்து ஐந்து தலைப்புச் செய்திகள். ஆறாம் வகுப்பிலிருந்து நான்தான் வாசித்தேன். பாலைவனம், பாராளுமன்றம் எல்லாம் என் நாக்கில் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்தக் கோடையில் கடைசிக் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. பன்னிரண்டு குடம் பிடித்து, தூக்கி, ஈரப்பாவாடையை மாற்றிக்கொண்டு ஓடினால் பிரேயர் முடிந்திருக்கும். மூன்று முறை பார்த்தார் டீச்சர். நாலாம் முறை பேப்பரை மாவு மில்லுக்கார அம்மாவின் மகளிடம் கொடுத்துவிட்டார். அவள் என் வகுப்புதான். 'குடியரசுத் தலைவர்' என்று சேர்ந்தாற்போல் சொல்ல வராது. ஆனால் மில் குழாய் வீட்டுக்காரி. நேரத்தோடு வருவாள், வெள்ளைச் சட்டையோடு.

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் என்னால் நன்றாக நினைவுபடுத்த முடிகிறது. அழவில்லை. யோசித்தேன்.

என் நைனா ஷூ கம்பெனியில் அடித்தோல் வெட்டுகிற பிரிவில் வேலை பார்த்தார். தெருவில் எந்தக் குழாய் ஒழுகினாலும் நைனாவைத்தான் கூப்பிடுவார்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு கோணிப்பையில் துண்டுத் தோல் வைத்திருப்பார். டப்பா மூடியை வைத்துக் கோடு போட்டு வட்டமாக வெட்டி வாஷர் போடுவார். கம்பெனியிலிருந்து துண்டைக்கூட வெளியே எடுத்து வரக்கூடாது. சாப்பாட்டுத் தூக்கில் மறைத்து எடுத்து வருவார். குழாயைத் திருகிக் கழற்றுவதையும், மரையில் நூல் சுற்றித் திரும்ப மாட்டுவதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

ஒரு தண்ணீர் நாளின் மத்தியானம். வெயிலில் தெருவில் ஒரு ஆள் இல்லை. மாவு மில் சாப்பாட்டுக்கு மூடியிருந்தது. கோணிப்பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு தடித்த தோலை எடுத்துப்போனேன். மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல், சிவப்பாக, கட்டையாக இருக்கும். மில் குழாயைத் திருகினேன். லூசாகத்தான் இருந்தது, கையோடு வந்துவிட்டது. தோலைச் சுருட்டிப் பைப்புக்குள் தள்ளிவிட்டு, குழாயைத் திரும்ப மாட்டினேன். அந்தச் சுருள் ஈரத்தில் ஊறி உப்பி அடைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அங்கே தண்ணீர் குறைந்தால் இங்கே கூடும் என்றும் தெரியும். பட்டைத் தோல் ஊறினால் சாயம் இறங்கும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. டேனரி ஊரில் பிறந்து, தோல் வெட்டுகிறவருக்கு மகளாக வளர்ந்து, அதை யோசிக்காமல் விட்டேன்.

அடுத்த முறை வருவதற்குள் தோல் இரண்டு நாள் ஊறிவிட்டது. காலை ஏழு மணிக்குக் காதை வைத்தேன். மூன்று தட்டு. குழாய் ஒரு முறை இருமியது. பிறகு வந்தது பாருங்கள் தண்ணீர்! குடத்தின் அடியில் மோதி என் முகத்தில் அடித்தது. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு வேகமாக எங்கள் குழாயில் நான் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. கத்தினேன். பெண்கள் ஓடி வந்தார்கள். "இன்னாடி இது அதிசயம்!" என்றார் எதிர்வீட்டு அத்தை. எட்டுக்கெல்லாம் பன்னிரண்டு குடமும் வீட்டுக்குள் இருந்தது. தலை வாரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குதிக்காத குறையாகக் கிளம்பினேன்.

பள்ளிக்கூடத்துக்கு மில் குழாயைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே கூட்டம். நடுவில் தண்ணிக்காரர். குழாயிலிருந்து விரல் பருமன்கூட இல்லாமல் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நிறம் டீ டிகாக்‌ஷன். வாசனை எனக்கு நாலு அடி தூரத்திலேயே வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அடிக்கிற அதே வாசனை.

"மூடின கெணத்தைத் தொறந்துட்டு நாடகம் ஆடறியா நீ?" என்று மாவு மில்லுக்கார அம்மா கத்திக்கொண்டிருந்தார். "எங்க புள்ளைங்க இத குடிச்சிட்டு சாவட்டுமா?"

"நான் தொறக்கலம்மா. மொதல் கை நான்தானே குடிச்சேன்? இது கெணத்து நாத்தம் இல்ல. தோலு வாசனை. பைப்புக்குள்ள தோலு ஏதோ மாட்டினு இருக்குது" என்றார் அவர்.

"தோலுக்குக் காலு மொளைச்சி பைப்புக்குள்ள நடந்து வந்துச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நம் ஊரில் தண்ணீர் பழுப்பாக வந்து தோல் நாற்றம் அடித்தால் அது டேனரிக் கழிவு. வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அத்தனை வருடம் அப்படித்தானே கிணறுகளை இழந்தோம்? உங்களையும் நான் குறை சொல்லவில்லை.

யாரோ போய் ஈ.ஓ.வைக் கூட்டி வந்துவிட்டார்கள். டவுன் பஞ்சாயத்தின் பெரிய அதிகாரி. சவரம் பாதியில் நின்ற முகத்தோடு வந்து நின்றார். அவரிடம் தண்ணிக்காரர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஒரே பைப்பு சார். கெணத்து வால்வை நான் தொறந்திருந்தா கடைசிக் குழாய்லயும் கலங்கலா வந்திருக்கணும். அங்க கேளுங்க. அங்க சுத்தமா வந்திருந்தா இந்தக் குழாய்லதான் கோளாறு. இப்பவே கழட்டிப் பாத்துடலாம்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என்னைத் தவிர அங்கே வேறு யாருக்கும் அது தெரியாது.

அப்போதுதான் மாவு மில்லுக்கார அம்மா என்னைப் பார்த்தார். "ஏய், இங்க வா. கடைசிக் குழாய்ல மொதல் குடம் நீதானே புடிக்கிற? தண்ணி எப்படிடி வந்துச்சி?" பிறகு ஈ.ஓ.விடம், "ஸ்கூல்ல நியூஸ் வாசிச்ச பொண்ணு சார் இது. பொய் சொல்லாது" என்றார்.

சுத்தமாக வந்தது என்று சொன்னால் குழாயைக் கழற்றுவார்கள். தோல் வெளியே வரும். இந்தத் தோல் யார் வீட்டில் இருக்கிறது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நைனாவின் வேலை போகும். இதெல்லாம் நான் அப்போது யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை அதுவல்ல. நைனாவைப் பற்றி யோசித்தது பிறகு, எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதற்காக. அந்த நேரத்தில் எனக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றுதான்: பிரேயரில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"மொதல்ல கலங்கலாத்தான் வந்துச்சி சார்" என்றேன். "அப்புறம் தெளிஞ்சிடுச்சி."

நியூஸ் வாசிக்கிற குரலில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். எவ்வளவு பொருத்தமான பொய் என்று பாருங்கள். எனக்குப் பின்னால் பிடித்தவர்கள் எல்லாரும் தண்ணீர் தெளிவாக இருந்தது என்றுதான் சொல்லுவார்கள். அதுவும் என் பேச்சோடு ஒட்டிக்கொள்ளும். கெட்ட வால்வை முதலில் திறந்துவிட்டு, பயந்துபோய் மூடிவிட்டு, நல்லதைத் திறந்திருக்கிறான் என்று கணக்கு நேராகிவிட்டது. மில் குழாயில் இன்னும் வடிவது பைப்பில் தங்கின மிச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தண்ணிக்காரர் என் முன்னால் குனிந்தார். "பாப்பா, நல்லா நெனச்சிப் பாத்து சொல்லு. கலங்கலாவா வந்துச்சி?"

"ஆமாங்கண்ணா."

அவர் என்னை முறைக்கவில்லை. எழுந்து போய்க் கற்பலகையின் ஓட்டைக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தைக் காட்ட வெட்கப்படுகிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். ஈ.ஓ. சாவியைக் கீழே வைக்கச் சொன்னார். வைத்துவிட்டார். குழாயை யாரும் கழற்றவில்லை. நான் பள்ளிக்கூடம் போனேன். நேரத்தோடு போய்விட்டேன். டீச்சர் என் கையில் பேப்பரைக் கொடுத்தார். வாசித்தேன்.

அன்று சாயங்காலம் மாவு மில்லுக்கார அம்மா காலையில் பிடித்து வைத்திருந்த அந்தத் தண்ணீரை ஒரு சொம்பில் ஊற்றி வீடு வீடாகக் காட்டச் சொல்லி அனுப்பினார். எங்கள் வீட்டுக்கும் வந்தது. நைனா வாங்கி முகர்ந்தார். "இது ட்ரெய்னேஜ் நாத்தம் இல்லியே. இது பட்டைத் தோ..." என்று ஆரம்பித்தவர், அப்படியே நிறுத்திக் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரி, போ" என்றார் கொண்டு வந்தவரிடம். அந்தக் கோணிப்பை மறுநாள் அங்கே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் குழாய் ஒழுகினால் கந்தல் துணிதான் கட்டினார்கள்.

மறுநாள் மத்தியானம் நான் போய்த் தோலை எடுத்தேன். பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டு வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தார். ஈரம் பாவாடையில் பழுப்பாக இறங்கியிருந்தது. அம்மா மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். ஒரு அறை விழுந்தது. அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைப் பிடித்து அடுப்பங்கரைக்கு இழுத்துப்போய், தோலை அடுப்புக்குள் போட்டார்.

"அந்த அண்ணாவுக்கு வேலை போய்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"உங்க நைனாவுக்குப் போவணுமா? இன்னா பேசற நீ? வாயைத் தொறந்த, கொன்னுடுவேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்கு இது இல்லன்னா இன்னொன்னு கெடைக்கும். வயசு இருக்குது" என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். தோல் எரிந்து முடிய நேரமானது. நம் ஊரில் தோல் எரிகிற நாற்றத்துக்கு யார் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள்?

அம்மாவுக்குத் தெரியும், நைனாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டதுபோல ஒன்றாக இருந்தோம். ஒருவரிடம் ஒருவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் இருவரும் போய்ச் சேரும்வரை பேசவில்லை.

புதுத் தண்ணிக்காரர் வந்தார். அவர் வந்த முதல் நாளே மில் குழாயில் தண்ணீர் பளிங்காக வந்தது. தோலைத்தான் எடுத்துவிட்டேனே. "பாத்தியா? ஆளை மாத்தினதும் தண்ணி தெளிஞ்சிடுச்சி!" என்று தெருவே சொன்னது. சந்தேகத்தில் இருந்த ஒன்றிரண்டு பேருக்கும் சந்தேகம் தீர்ந்துபோனது. அந்தப் பர்மனென்ட் ஆர்டர் வந்ததா, வந்து கிழிக்கப்பட்டதா, எனக்குத் தெரியாது. காக்கிச் சட்டையை அவர் போட்டு நான் பார்க்கவில்லை.

அவர் குடும்பம் மில்லுக்குப் பின்னால் இருந்த சந்தில் குடியிருந்தது. அவர் மனைவி மில் குழாய்க்குக் குடத்தோடு வந்தபோது குடத்தைக் காலால் வரிசைக்கு வெளியே தள்ளினார்கள். பிறகு அந்த அக்கா இவ்வளவு தூரம் நடந்து எங்கள் கடைசிக் குழாய்க்கு வந்தது. இங்கேயும் யாரும் இடம் விடவில்லை. இரண்டு மணி நேரம் முடியும்வரை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும். ஒரு நாள் அம்மா எழுந்து போய், அந்தக் குடத்தை வாங்கி, எங்கள் முறையில் பிடித்துக் கொடுத்தார். எங்க அம்மாவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நான் பெருமைப்பட்டேன். பன்னிரண்டு வயதில் இப்படியும் ஒரு முட்டாள்தனம்.

அந்த வாரமே அவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். ஜோலார்பேட்டை ஜங்ஷனில் ரயில் பெட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்புகிற கான்ட்ராக்டில் சேர்ந்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். நான் படித்தேன், ஷூ கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், ரிட்டயர் ஆனேன். முப்பத்தோரு வருடம் குறை கண்டுபிடிக்கிற வேலை. தோலில் ஊசிமுனை அளவு கோளாறு இருந்தாலும் தூக்கி ஓரமாக வைத்துவிடுவேன். "மேடம்கிட்ட பொய் சொல்ல முடியாது" என்று கம்பெனிப் பிள்ளைகள் சொல்லும்போதெல்லாம் கையிலிருக்கும் தோலைத் திரும்பப் புரட்டிப் பார்ப்பேன். ஜங்ஷன் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. போக வேண்டும் என்று நினைத்தது ஆயிரம் முறை. போகாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

போன தை மாதம் என்னோடு வேலை பார்த்த பெண் ஜோலார்பேட்டையில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழாவுக்குக் கூப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, "உங்க ஊர்ல தண்ணி விட்டுனு இருந்தவர் ஒருத்தர் பின்தெருவுலதான் இருக்காரு மேடம்" என்றாள். கை கழுவிவிட்டு நேராக நடந்தேன். இன்னும் ஐந்து நிமிடம் யோசித்திருந்தால் பஸ் ஏறியிருப்பேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க வெள்ளை. யார் என்று சொன்னேன். "கடைசிக் குழாய் வீட்டுப் பொண்ணா!" என்று முகம் மலர்ந்துவிட்டது. "உக்காரு, உக்காரு. நீ வந்தது நல்லதாப் போச்சி. உன்ன ஒன்னு கேக்கணும்னு ரொம்ப வருஷமா நெனச்சினு இருந்தேன். அன்னிக்கி மொதல்ல கலங்கலா வந்துச்சே, எவ்ளோ நேரம் வந்துச்சி? ஒரு நிமிஷமா? ரெண்டு நிமிஷமா?"

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"நான் கெணத்து வால்வைத் தொட்ட ஞாபகமே இல்ல பாப்பா. ஆனா நீ சின்னப் பொண்ணு, நீ ஏன் பொய் சொல்லப் போற? என் கைதான் மாத்திப் போயிருக்குது. ஒரு நிமிஷத்துக்குக் கம்மின்னா, தெரியாம தொறந்து தெரியாமலே மூடியிருப்பேன். அப்படித்தான் கணக்குப் போட்டு வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் ஜங்ஷன்ல எந்த வால்வை மூடினாலும் நாலு அடி போய்ட்டு, திரும்ப வந்து தொட்டுப் பாப்பேன். கூட வேலை செய்றவங்களுக்கெல்லாம் என்னால ஒரே பேஜாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அன்றைக்கு அவர் அந்த ஓட்டைக்குள் எதைத் தேடினார் என்று. ஊர் முழுக்க நம்பாதபோதும் கூட்டத்தின் நடுவில் நின்று "தோலு மாட்டினு இருக்குது" என்று சொன்ன மனிதர், நான் வாயைத் திறந்ததும் தன்னையே நம்புவதை விட்டுவிட்டார். வேலையை மட்டும்தான் எடுத்தேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொன்னேன். நியூஸ் பேப்பரிலிருந்து ஆரம்பித்து அடுப்பில் எரிந்தது வரை, ஒன்று விடாமல். அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டார். முடித்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கலங்கலா வரவே இல்லியா?"

"இல்லண்ணா. ஒரு சொட்டுகூட இல்ல."

"அப்போ நான் சரியாத்தான் தொறந்தேன்."

"ஆமாண்ணா."

"சரியாத்தான் தொறந்திருக்கேன்" என்று இன்னொரு முறை சொன்னார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏமே, இங்க வா. இந்தப் பொண்ணு இன்னா சொல்லுதுன்னு கேளு." அந்த அக்கா ஈரக்கையோடு வந்து நின்றது. "திரும்பச் சொல்லு பாப்பா. மொதல்லேர்ந்து."

இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டது. பிறகு, "உங்க அம்மா ஒரு நாளு எனக்கு ஒரு கொடம் தண்ணி புடிச்சிக் குடுத்தாங்க. அந்த ஊர்ல மனுஷின்னா அவங்க ஒருத்திதான்னு எம் புள்ளைங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன்" என்றது. அவ்வளவுதான். உள்ளே போய்விட்டது, திரும்ப வரவில்லை.

நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். "அதெல்லாம் வேணாம். எனக்கு ஒன்னு செய். தெருவுல சொல்லு. அன்னிக்கி அங்க நின்னவங்க எல்லார்கிட்டயும் சொல்லு."

தெருவுக்குப் போனேன். மாவு மில் இருந்த இடத்தில் செல்போன் கடை. குழாய்கள் இரண்டும் இல்லை, கற்பலகையும் இல்லை. வீட்டுக்கு வீடு நீலக் குழாய் வந்துவிட்டது. மாவு மில்லுக்கார அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. அந்த ஈ.ஓ. எங்கே என்று சொல்ல ஆளில்லை. நின்று சொல்ல ஒரு கூட்டம் அங்கே இல்லை. அதனால் விசாரித்து விசாரித்து உங்கள் நம்பர்களைச் சேர்த்தேன். பதினாலு பேர் கிடைத்தீர்கள். மாவு மில்லுக்கார அம்மாவின் மகளும் அதில் உண்டு. முதலில் அவளுக்குத்தான் அனுப்புகிறேன்.

அவர் இதுவரை இரண்டு முறை போன் செய்துவிட்டார். "சொல்லிட்டியா?" என்கிறார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "சீக்கிரம் எழுது" என்றார்.

அன்று கடைசிக் குழாயில் முதலில் வந்த தண்ணீரை நான் பார்த்தேன். என்னைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. அது தெளிவாக இருந்தது. அவர் திறந்தது நல்ல தண்ணீர் வால்வைத்தான். இதைப் படித்தவர்கள் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.